படத்தொகுப்புக்குப் புதிய கணினி: இன்டெல், ரைசன், மேக், இவற்றில் எது யாருக்கு?

படத்தொகுப்புக்கென்று புதிதாக ஒரு கணினியைத் திட்டமிடுகிறவர் முதலில் எழுப்பும் கேள்வி, இன்டெல் பிராசசர் வாங்குவதா, ஏஎம்டியின் ரைசன் பிராசசர் வாங்குவதா என்பதாகவே இருக்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அவர் தொகுக்கப்போகும் கோப்பைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். படத்தின் அளவு 4கே (3840 பெருக்கல் 2160 பிக்சல்), நீளம் பத்து நிமிடம், மென்பொருளும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கேமராவின் கோப்பு எளிய கணினியில்கூடத் தடையின்றி ஓடும். இன்னொரு கேமராவின் கோப்பு 16 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட பிராசசரையும் திணறடிக்கும். ஆகவே இந்த ஒப்பீடு கோப்பில் தொடங்கி, அது எந்தப் பாகத்தின்மீது சுமையை ஏற்றுகிறது என்பதைத் தொடர்ந்து செல்கிறது.

கோப்பு என்ன கேட்கிறது

கேமராவிலிருந்து எடுத்த ஒரு கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் மூன்று வரிகள் போதும்: கோடெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எது, நிறத் தகவல் 4:2:0 முறையில் பதிவாகியிருக்கிறதா 4:2:2 முறையிலா, ஆழம் 8 பிட்டா 10 பிட்டா. 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 10 பிட் என்றால் 1024. 4:2:0 முறையில் நிறத்தின் நுணுக்கம் ஒளியின் நுணுக்கத்தில் கால் பங்காகக் குறைக்கப்படுகிறது; 4:2:2 முறையில் பாதியாக. வானத்தின் நீலம் பட்டை பட்டையாகப் பிரியாமல் நிறம் திருத்துவதற்கும், பச்சைத் திரையின் முன் எடுத்த உருவத்தை விளிம்பு கெடாமல் பிரித்தெடுப்பதற்கும் 10 பிட் 4:2:2 பேருதவி செய்கிறது. இன்றைய நடுத்தர விலைக் கேமராக்கள் பலவும் இந்த வசதியைத் தருகின்றன. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது.

2003-இல் வெளியான எச்.264 கோடெக்கும், அதன் வாரிசாக 2013-இல் வந்த எச்.265-உம் முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை மட்டும் சேமித்து, இடைப்பட்ட பிரேம்களில் (அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்களில்) என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கும் வகையிலேயே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றன. படத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்ப்பவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. தொகுப்பாளரோ காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அங்கும் இங்கும் தாவுகிறார்; அவர் கைவைத்த ஒரு பிரேமைக் காட்டுவதற்கு, கணினி அதற்கு முந்தைய முழுப் படம் வரை பின்னே சென்று, அங்கிருந்து ஒவ்வொரு பிரேமாக விரித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை இன்னும் பெருகும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகளில் ஒவ்வொரு பிரேமும் தன்னளவில் முழுமையானது. ஆகையால் கோப்பு பல மடங்கு பெரிதாக இருந்தாலும் விரிப்பது எளிது. முன்னது பிராசசரை வாட்டும், பின்னது சேமிப்பகத்தை வாட்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருவது எல்லாம் எளிதில் புரியும்.

விரிக்கும் வேலையை இரண்டு இடங்களில் செய்யலாம். பிராசசரின் பொதுவான கோர்கள் செய்யலாம்; அல்லது இதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, பிராசசருடன் சேர்ந்த கிராபிக்ஸ் பகுதியிலோ தனி கிராபிக்ஸ் கார்டிலோ அமைந்திருக்கும் டீகோடர் செய்யலாம். டீகோடர் தன் பட்டியலில் உள்ள வடிவங்களை அலட்டிக்கொள்ளாமல் விரித்துத் தள்ளும். பட்டியலில் இல்லாததைத் தொடவே தொடாது, முழுச் சுமையும் கோர்களின் தலையில் விழும். 8 பிட் 4:2:0 எச்.264-உம், 8 அல்லது 10 பிட் 4:2:0 எச்.265-உம் இப்போது விற்கும் எல்லா டீகோடர்களின் பட்டியலிலும் உண்டு. கைப்பேசியிலோ ட்ரோனிலோ எடுத்த அத்தகைய கோப்புகளை மட்டுமே தொகுப்பவர், கீழே வரும் பிராசசர் வாதத்தைக் கண்டுகொள்ளாமல் தன் செலவுக்கு ஏற்ற எதை வாங்கினாலும் பெரிதாக இழக்கப்போவதில்லை. 10 பிட் 4:2:2 என்று வந்துவிட்டால் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும்.

இன்டெலா, ரைசனா

இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்களிலிருந்து 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை விரிக்கும் டீகோடரைத் தன் உள்ளமைந்த கிராபிக்ஸில் வைத்திருக்கிறது. இதைத்தான் குவிக் சிங்க் என்ற பெயரில் விளம்பரப்படுத்துகிறார்கள். அதே காலத்தில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கிராபிக்ஸ் கார்டுகளும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசையும் 4:2:2-ஐ விரிக்காமல் விட்டுவிட்டன. அதனால் மிக விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டும் ரைசன் பிராசசரும் கொண்ட கணினி திக்கித் திக்கி ஓட்டிய ஒரு கோப்பை, தனிக் கார்டே இல்லாத எளிய இன்டெல் கணினி வழுக்கிக்கொண்டு ஓட்டியது. படத்தொகுப்பு என்றால் இன்டெல்தான் என்ற அறிவுரை பரவியதற்கு இதுவே முதன்மையான காரணம்; அப்போது அது சரியான அறிவுரையும்கூட.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இந்த நிலையை மாற்றிவிட்டது. எச்.264, எச்.265 ஆகிய இரண்டிலும் 4:2:2 கோப்புகளை அந்த வரிசைக் கார்டுகள் விரிக்கின்றன. இன்னும் சொல்லப்போனால், 10 பிட் 4:2:2 எச்.264 கோப்புகளில் இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசையின் டீகோடர் உதவாது. அங்கே என்விடியாவின் புதிய கார்டு ஒருபடி முன்னே நிற்கிறது. ஆகவே ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு ஒன்றை எப்படியும் வாங்கப்போகிறவருக்கு, டீகோடரை முன்னிட்டு இன்டெலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. பழைய அறிவுரை இன்னும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது பழக்கத்தின் வேகத்தில்தான். மாறாக, கையிலிருக்கும் ஆர்டிஎக்ஸ் 30 அல்லது 40 வரிசைக் கார்டைப் புதிய கணினியிலும் தொடர்ந்து பயன்படுத்த எண்ணுகிறவருக்கு இன்டெலின் வாதம் முழு வலுவுடன் நிற்கிறது. அவர் கவனிக்க வேண்டியது ஒன்று: பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, சிறிது விலைக் குறைவுக்காக அதை வாங்கினால், எந்த வசதிக்காக இன்டெலை நாடினோமோ அதுவே கைக்கு வராது.

டீகோடரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கோர்களின் வலிமையை மட்டும் பார்த்தால், போட்டி சமமாகவே இருக்கிறது. கோர் அல்ட்ரா 7 265கே பிராசசரில் 8 வேகக் கோர்களும் 12 சிக்கனக் கோர்களும் சேர்ந்து 20 கோர்கள். கோர் அல்ட்ரா 9 285கே-யில் 8-உம் 16-உமாக 24. ஏஎம்டி பக்கம் ரைசன் 9 9900எக்ஸ் 12 கோர்களும், 9950எக்ஸ் 16 கோர்களும் கொண்டவை. இந்த ரைசன் பிராசசர்களில் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை (வேலைத் தொடர்களை) ஓட்டும். இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனெனில் கோர்களின் தன்மையே வேறு. ஆனால் கோர்கள் எப்போது பயன்படுகின்றன என்று கேட்பதில் பயன் உண்டு. அசைவு வரைகலை மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல பிரேம்களை ஒரே நேரத்தில் கணக்கிடும்போதும், ஒரு நாள் முழுக்க எடுத்த காட்சிகளைப் புரோரெஸ் வடிவுக்கு மாற்றும்போதும், டீகோடருக்கு அகப்படாத ஒரு கோப்பை விரிக்கும்போதும், கோப்பின் அளவைக் குறைத்துத் தரத்தைக் காக்க மென்பொருள்வழியே எக்ஸ்போர்ட் செய்யும்போதும் (முடித்த படத்தைக் கோப்பாக எழுதும்போதும்) கோர்கள் முழுமையாக வேலை செய்யும். சாதாரணமாக வெட்டி ஒட்டும் வேலையிலும், கார்டில் கோப்பைச் சுருக்கி எழுதும் வன்பொருளான என்கோடரைக் கொண்டு எக்ஸ்போர்ட் செய்யும்போதும் 8 கோர்களுக்கு மேல் கிடைக்கும் ஆதாயம் மெல்லியது. வாரத்துக்கு ஒரு காணொளி வெளியிடுகிறவர் 9950எக்ஸ் வாங்குவதைவிட 9900எக்ஸ் அல்லது 265கே வாங்கி, மிச்சத்தை ரேமுக்கும் சேமிப்பகத்துக்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை.

பிற்கால மேம்பாட்டில் ஏஎம்டிக்குச் சற்று முன்னிலை உண்டு. ஏஎம்5 சாக்கெட்டை (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடத்தை) 2027-ஐத் தாண்டியும் ஆதரிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதன் முந்தைய ஏஎம்4 சாக்கெட் 2016 முதல் பல தலைமுறை பிராசசர்களுக்கு இடம் தந்த வரலாறும் அந்த வாக்குக்குத் துணைநிற்கிறது. பழைய இருப்பிலிருந்தோ கைமாறியோ வரும் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களை வாங்குகிறவர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவற்றில் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைதடுமாறியதை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசசருக்குள் இயங்கும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் இனி ஏற்படும் கேட்டைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே தேய்ந்த பிராசசரைச் சீராக்காது.

ஏஎம்டியின் திரெட்ரிப்பர் போன்ற பணிநிலைய பிராசசர்களைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பல கார்டுகளைப் பொருத்தவோ, மிகப் பெரிய அளவில் ரேம் வைக்கவோ தேவை உள்ளவர்களுக்கு அந்தத் தேவை என்னவென்று முன்பே தெரிந்திருக்கும்.

கிராபிக்ஸ் கார்டின் நினைவகம்

எவ்வளவு வலிய கார்டு வேண்டும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. தொகுப்பு மென்பொருள்களில் பிரீமியர் புரோ பிராசசரையும் டீகோடரையும் அதிகம் நம்பியிருக்கிறது. டாவின்சி ரிசால்வ் நிறம் திருத்துவது, இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) நீக்குவது, எஃபெக்ட் சேர்ப்பது ஆகிய எல்லாவற்றையும் கார்டின் தலையில் வைக்கிறது. ரிசால்வ் பயன்படுத்துகிறவர் பிராசசரில் ஒரு படி இறங்கி கார்டில் ஒரு படி ஏறுவது பொருத்தமான முடிவு. பிரீமியர் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கார்டின் நினைவகம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதை ஒரே ஒரு பிரேமைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 4கே பிரேம் ஒன்றில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். ரிசால்வ் உள்ளுக்குள் ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட் எண்ணாக வைத்துக் கணக்கிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நான்கு எண்களுக்கு 16 பைட். பெருக்கினால் ஒரு பிரேமுக்கு 133 மெகாபைட் வருகிறது, கோப்பில் அந்தப் பிரேம் ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாமல் சுருங்கிக் கிடந்திருந்தாலும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு பிரேம்களைப் பார்த்து இரைச்சலை நீக்கும் ஒரு நோடு (ரிசால்வில் ஒரு திருத்தப் படி) ஐந்து பிரேம்களை ஒரே நேரத்தில் பிடித்துவைக்கிறது. அது ஏறத்தாழ 660 மெகாபைட். அதற்கு மேல் இன்னும் சில நோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக் காட்சிகள், திரையில் தெரியும் படம், விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு என்று கூட்டிக்கொண்டே போனால் 8 ஜிபி எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. 8கே என்றால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்க வேண்டும். நினைவகம் போதாதபோது கார்டு மெதுவாக ஓடிச் சமாளிப்பதில்லை. ரிசால்வ் பிழைச்செய்தி காட்டி, இறுதிப் படத்தைக் கணக்கிட்டு எழுதும் வேலையான ரெண்டரை நிறுத்திவிடுகிறது. வேகம் குறைந்த கார்டோடு காத்திருந்தாவது வேலையை முடிக்கலாம். நினைவகம் குறைந்த கார்டோடு சில வேலைகளை முடிக்கவே முடியாது.

இந்த அளவுகோலை வைத்தே நடுத்தரக் கார்டுகளை எடைபோட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையில் வருகிறது. 8 ஜிபி வகையை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. 16 ஜிபி வகையையும் 12 ஜிபி கொண்ட 5070 கார்டையும் அருகருகே வைத்தால்தான் உண்மையான தடுமாற்றம். 5070-இல் 6144 கணக்கிடும் கோர்கள், 5060 டிஐ-யில் 4608. நினைவகத்தின் வேகம் முன்னதில் நொடிக்கு 672 ஜிபி, பின்னதில் 448. ஆகவே 4கே டைம்லைனில் நிறம் மட்டும் திருத்துகிறவருக்கு 5070 தெளிவாக வேகமானது. 6கே ரா கோப்புகளையோ (கேமரா சென்சாரின் தகவலைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருப்பவை), இரைச்சல் நீக்கத்தையோ அடிக்கடி கையாள்கிறவர் மெதுவான 16 ஜிபி கார்டையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். இந்தத் தடுமாற்றமே வேண்டாம் என்று நினைப்பவருக்கு 5070 டிஐ இருக்கிறது: 16 ஜிபி, 8960 கோர்கள், ஒன்றுக்குப் பதில் இரண்டு என்கோடர்கள். படத்தொகுப்புக்கு இந்த வரிசையில் மிகப் பொருத்தமானது இதுவே என்பது என் கணிப்பு. 5080-இல் கோர்கள் 20 விழுக்காடு கூடுகின்றன, நினைவகமோ அதே 16 ஜிபிதான். அந்த ஏற்றத்துக்கு அதன் விலை வேறுபாடு ஈடாகாது. 5090-இன் 32 ஜிபி நினைவகம் உண்மையான பாய்ச்சல், ஆனால் அது 575 வாட் மின்சாரத்தையும் 1000 வாட் பவர் சப்ளையையும் அதற்கேற்ற காற்றோட்டத்தையும் உடன் கேட்கிறது.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டிலும் 16 ஜிபி உண்டு; ரிசால்வும் பிரீமியரும் அதில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் துணை மென்பொருள்கள் சில கூடா (CUDA) என்ற, என்விடியா கார்டுகளுக்கே உரிய நிரலாக்கத் தளத்தை மட்டுமே நம்பி எழுதப்பட்டவை; அவற்றில் ஒன்றையாவது பயன்படுத்துகிறவர் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்டெலின் சிறிய ஆர்க் கார்டுகளுக்கு வேறொரு பயன் உண்டு. ரைசன் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டும் ஏற்கனவே வைத்திருப்பவர், காலியாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் ஆர்க் ஏ380 போன்ற ஒன்றைச் செருகி, அதன் டீகோடரை மட்டும் 4:2:2 கோப்புகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழுக் கணினியையும் மாற்றுவதைவிட இது எவ்வளவோ மலிவான தீர்வு.

ரேமும் சேமிப்பகமும்

ரேமில் 32 ஜிபி தொடக்க எல்லை, 64 ஜிபி நிம்மதியான அளவு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முன்னோட்டத்துக்காகக் கணக்கிட்ட பிரேம்களைச் சுருக்காமலேயே ரேமில் அடுக்கிவைக்கிறது. மேலே போட்ட அதே கணக்கின்படி, 8 பிட்டில் ஒரு 4கே பிரேமுக்கு 33 மெகாபைட், நொடிக்கு 25 பிரேம் வீதம் பத்து நொடிக்கு 8.3 ஜிபி. 16 பிட்டில் வேலை செய்தால் அது இரட்டிக்கும். எவ்வளவு ரேம் என்று முடிவு செய்தபின் அதை இரண்டே குச்சிகளாக வாங்குவது மிக முக்கியம். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் அதிகாரப்பூர்வ வேகம், இரண்டு டிடிஆர்5 குச்சிகளுக்கு 5600. நான்கு குச்சிகளுக்கு 3600. இப்போது இரண்டு 16 ஜிபி வாங்கிப் பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறவர், சேர்க்கும் நாளில் வேகத்தை இழக்கிறார். 64 ஜிபி வேண்டுமானால் இரண்டு 32, 96 வேண்டுமானால் இரண்டு 48. (வண்ண விளக்கு மினுக்கும் ரேம் குச்சிகள் ஒரு பிரேமையும் கூடுதலாகத் தருவதில்லை.)

சேமிப்பகத்தில் விளம்பர எண்கள் மிகவும் ஏமாற்றக்கூடியவை. நொடிக்கு 200 மெகாபிட்டில் பதிவான கேமராக் கோப்பைப் படிக்க நொடிக்கு 25 மெகாபைட் வேகம் போதும். ஒரு மணி நேரப் பதிவு 90 ஜிபி இடம் கொள்ளும். புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் நொடிக்கு 30 பிரேம் கொண்ட 4கே படம் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 400 ஜிபி. நான்கு கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 440 மெகாபைட்தான், அதுவே பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டியின் எல்லையான 550-ஐ நெருங்குகிறது. நொடிக்கு 7000 மெகாபைட் படிக்கும் நான்காம் தலைமுறை என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு) எஸ்எஸ்டி இதற்கு எத்தனையோ மடங்கு மேலே இருக்கும்போது, 14,000 என்று விற்கப்படும் ஐந்தாம் தலைமுறைக்கு மேலும் செலவழிப்பதை டைம்லைன் உணரவே உணராது. ஹார்ட் டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது ஈடுகொடுத்தாலும், நான்கு கோப்புகளுக்கிடையே மாறி மாறித் தாவ நேரும்போது தடுமாறிவிடும். அதைக் காப்பு நகலுக்கு வைத்துக்கொள்வதே பொருத்தம்.

படிக்கும் வேகத்தைவிட எழுதும் வேகத்தில் வேறுபாடுகள் அதிகம். மலிவான க்யூஎல்சி வகை (ஒரு சேமிப்பறையில் நான்கு பிட் வைக்கும்) எஸ்எஸ்டிகள் தொடக்கத்தில் ஒரு தற்காலிகப் பகுதியில் விரைந்து எழுதிக்கொள்கின்றன; அது நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கின் அளவுக்கே சரிந்துவிடுவதும் உண்டு. ஒரு நாள் படப்பிடிப்பின் 500 ஜிபியைக் கொட்டும்போது இது கண்கூடாகத் தெரியும். காட்சிகளை வைக்கும் எஸ்எஸ்டி, ஒரு சேமிப்பறையில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையாக இருக்கட்டும். இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் 1 டிபி, காட்சிகளுக்கும் கேஷுக்கும் (மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளுக்கும்) 2 அல்லது 4 டிபி என்று இரண்டு எஸ்எஸ்டிகள் இருந்தால் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் பிரிக்கத் தேவையில்லை.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கையேட்டை இறக்கி, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளைப் பற்றிய பக்கத்தை மட்டும் படித்துவிட வேண்டும். சில போர்டுகளில் குறிப்பிட்ட ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கிராபிக்ஸ் கார்டுக்குரிய 16 தகவல் வழித்தடங்கள் 8 ஆகக் குறையும். பவர் சப்ளைக்கான கணக்கு எளிது: உச்சத்தில் 265கே 250 வாட், 5070 டிஐ 300 வாட், மற்றவற்றுக்கு 100 என்று வைத்தால் 650; 850 வாட் போதுமான இடைவெளி தரும். கேபினெட்டில் கண்ணாடியைவிடக் காற்று வரும் துளைகள் முக்கியம், அவ்வளவே.

மேக் என்ற மாற்று

பாகம் பாகமாகச் சேர்ப்பதில் விருப்பமுள்ளவர்கள் மேக்கை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமான ஒப்பீடாகாது. எம் வரிசை ஆப்பிள் சில்லுகளின் டீகோடர் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை இயல்பாகவே விரிக்கிறது. 2021-இல் வந்த எம்1 புரோ முதல் புரோரெஸை விரிக்கவும் உருவாக்கவும் தனி வன்பொருள் இருக்கிறது. இது விண்டோஸ் கணினிகளில் இல்லாத வசதி. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், 64 ஜிபி கொண்ட மேக்கில் கிராபிக்ஸ் பகுதி 16 ஜிபியோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஓசையும் மின்செலவும் மிகக் குறைவு. ஃபைனல் கட் புரோ வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை.

குறைகளும் அதே அளவுக்கு வெளிப்படையானவை. வாங்கும் அன்று எடுத்த நினைவகமே இறுதி வரைக்கும்; சில்லோடு இணைந்த அதைப் பிறகு கூட்ட முடியாது. ஆகவே மூன்று ஆண்டுக்குப் பிறகான தேவையை இன்றே ஊகித்துப் பணம் கட்ட வேண்டும், அந்தக் கூடுதல் நினைவகத்துக்கு ஆப்பிள் கேட்கும் தொகையும் சிறிதன்று. கூடாவை நம்பிய மென்பொருள் ஓடாது. முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வதும் கனமான இரைச்சல் நீக்கமும் அதிகம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் கார்டு கொண்ட கணினியே முந்தும். நேர்காணல், ஆவணப்படம், திருமணக் காணொளி போன்று வெட்டுவதும் நிறம் திருத்துவதுமே பெரும்பகுதியாக இருக்கும் வேலைக்கு, எம்4 புரோ கொண்ட மேக் மினி அதே செலவில் சேர்த்த கணினிக்கு நேரடியான போட்டி. சில கோப்புகளில் அதைவிட மேலானதும்கூட.

ஒன்றும் வாங்காமலிருப்பது

இருக்கும் கணினியே போதுமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பிரீமியர், ரிசால்வ், கேடென்லைவ் என எல்லாவற்றிலும் ப்ராக்ஸி வசதி இருக்கிறது: மூலக் கோப்புகளைக் குறைந்த அளவிலான, எளிதில் விரியும் நகல்களாக மாற்றிக்கொண்டு, அவற்றை வைத்துத் தொகுத்து, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் மென்பொருளை மூலத்துக்குத் திருப்பிவிடலாம். 1080 அளவிலான ப்ராக்ஸிகளில் ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியும் மூன்று கேமராக் காட்சிகளை ஓட்டிவிடும். நகல் உருவாக எடுக்கும் நேரமும், அவற்றுக்கான இடமும், கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பொறுமையும்தான் இதன் விலை. மாதத்தில் இரண்டு வேலை எடுப்பவருக்கு இரவில் நகல்களை உருவாக்கவிட்டு உறங்கச் செல்வது ஒரு சுமையாகாது. படம்பிடித்த அன்றே கொடுத்தாக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு ப்ராக்ஸி பொருந்தாது. புதிய டீகோடருக்கு அவர் கொடுக்கும் பணம் நியாயமானது.

மென்பொருளின் வரம்பும் இங்கே சேர்கிறது. ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840 பெருக்கல் 2160 அளவுக்கு மேல் எக்ஸ்போர்ட் செய்யாது, காலவழி (முன்பின் பிரேம்களைப் பார்த்துச் செய்யும்) இரைச்சல் நீக்கம் அதில் இல்லை, லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளையே அது திறப்பதில்லை. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ உரிமம், கார்டில் ஒரு படி ஏறுவதைவிட அதிகப் பலன் தரும் நிலைகள் இருக்கின்றன.

ஆகவே என் முடிவுகள் இவ்வாறு அமைகின்றன. கேமரா 10 பிட் 4:2:2 தருகிறது, கார்டும் புதிதாக வாங்கப்போகிறீர்கள், மென்பொருள் ரிசால்வ் என்றால் ரைசன் 9 9900எக்ஸ், 5070 டிஐ, இரண்டு 32 ஜிபி ரேம். அதே கோப்புகள், மென்பொருள் பிரீமியர், பழைய கார்டையே தொடரப்போகிறீர்கள் என்றால் எஃப் இல்லாத 265கே. வேலை பெரும்பாலும் வெட்டுவதே, பாகங்களைச் சேர்ப்பதில் ஆர்வமும் இல்லை என்றால் 48 ஜிபி நினைவகத்துடன் எம்4 புரோ மேக் மினி. கோப்புகள் 4:2:0 மட்டுமே என்றால் இப்போதைக்கு எதையும் மாற்றாமல், 32 ஜிபி ரேமும் ஒரு நல்ல எஸ்எஸ்டியும் சேர்த்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.

இன்டெல் பிராசசரையும் தனிக் கார்டையும் சேர்த்து அமைத்தவர், கணினி முதன்முதலில் இயங்கியதும் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) சென்று உள்ளமைந்த கிராபிக்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தனிக் கார்டைக் கண்டதும் அதை அணைத்துவிடும் மதர்போர்டுகள் உண்டு. ரேம் தன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பையும் அங்கேயே இயக்கிவிடலாம். பிறகு பிரீமியரில் மீடியா விருப்பங்களிலும், ரிசால்வில் டீகோட் விருப்பங்களிலும் உரிய டீகோடர் தேர்வாகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, உங்கள் கேமராவின் கோப்பு ஒன்றை டைம்லைனில் ஓட்டியபடியே டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்துபாருங்கள். வீடியோ டீகோட் என்ற வரைபடம் மேலெழும்பி, பிராசசரின் பயன்பாடு தாழ்ந்திருந்தால் டீகோடர் வேலை செய்கிறது என்று பொருள். வரைபடம் தரையோடு கிடக்க, பிராசசர் மட்டும் 90 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயாஸ் அமைப்பு, டிரைவர், மென்பொருள் விருப்பம் என்ற வரிசையில் மீண்டும் பார்த்துவர வேண்டும். பாகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.